எதிர்மனுதாரர்

உவரி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கடியில்
இருபது இருபது லிட்டராக வந்த கடல்
பெருமாள்புரம் மாடி வீட்டில்
மூன்றடிக் கண்ணாடிக்குள் நிற்கிறது.
உள்ளே இரண்டு கோமாளி மீன்கள்.
ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை,
பட்டைக்குக் கறுப்பில் கரை.

பகலில் நான்
குடும்ப நலக் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவள்.
அந்தப் பழக்கத்தில்
பெரியது மனுதாரர்,
சிறியது எதிர்மனுதாரர்.
பால் என்ற கட்டத்தில்தான் விரல் நின்றுவிட்டது.
பிறக்கையில் எல்லாமே ஆணாம்.
இரண்டில் எது ஓங்குகிறதோ
அது பெண்ணாகிவிடுமாம்.
வக்கீல் சங்கரநயினாரிடம் சொன்னேன்.
"இந்தக் கேஸு நமக்கு வேண்டாம்மா" என்றார்.

மூன்றாம் வாரம் வால் கிழிந்தது.
ராத்திரி முழுக்கச் சிறியது
ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்
மேல்மூலையில் நட்டுக்குத்தலாக நின்றது.
இரை போட்டால் இறங்கும்,
பாதி வழியில் பெரியது வரும்,
கண்ணாடியில் டொக்கென்று ஒரு சத்தம்.

உப்புக் கூடிவிட்டதோ என்று பார்த்தேன்.
கத்திரி வெயிலில்
நாளுக்கு ஒரு விரல்கடை வற்றுகிறது.
ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன், அளந்தேன்,
உப்பில் குறையில்லை.
சிறியதை மக்கில் அள்ளி
நாலு நாள் வாளியில் வைத்தேன்.
திரும்ப விட்ட அன்றைக்கு
செதிலும் போனது.

வண்ணார்பேட்டை மீன் கடையில்
மைதீன் பிச்சை தலையில் அடித்துக்கொண்டார்.
"அடி வாங்குனத ஏன் பிடிக்கிய?
அடிச்சதப் பிடிச்சு உள்ள போடுங்க, பத்து நாளு.
வெளிய விடும்போது
ஒரு கல்லு பழைய எடத்துல இருக்கக்கூடாது.
எங்க வீடுங்கிற நெனப்பு அத்துப் போவணும்."

பஸ்ஸில் வரும்போது உறைத்தது.
அடி வாங்கினவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவதைத்தான்
பதினோரு வருஷமாக
நான் பத்தி பத்தியாக அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சோறு வடிக்கிற பச்சைக் கூடையை
துணி கிளிப் மாட்டி விளிம்பில் தொங்கவிட்டேன்.
உள்ளே பெரியது.
முதல் நாள் ஓட்டை ஓட்டையாக முட்டியது.
சிறியது இறங்கி வந்தது.
அடிமண்ணைத் தொட்டது,
கல்லிடுக்கில் போய்ப் பார்த்தது,
அதுவரை இரண்டடித் தண்ணீரை
அது பார்த்ததேயில்லை.

ஆறாம் நாள் கூடைக்குப் பக்கத்தில் போய்
உடம்பை ஒருச்சாய்த்து
காய்ச்சல் கண்டதுபோல் உதறியது.
உதறிவிட்டு அங்கேயே நின்றது.
பெரியது முட்டவில்லை.

கரண்ட் போன ஒரு ராத்திரி
கற்களை இடம் மாற்றி, இருட்டில் திறந்துவிட்டேன்.
காலையில் இரண்டு தரம் துரத்தியது.
மூன்றாம் தரம் பாதியில் திரும்பிக்கொண்டது.
இப்போது ஒரே மண்பானை ஓட்டில் உறங்குகின்றன,
சிறியது வாசல் பக்கம்.

உதறுகிற வீடியோவை
செல்லில் வைத்திருந்தேன்.
இரண்டாம் வாய்தாவுக்கு வந்த லூர்துகனி
மனுவில் கையெழுத்துப் போடுமுன் எட்டிப் பார்த்தாள்.
"குளுருதாக்கும்?"
இல்லம்மா, நீதான் பெரியவ,
நான் சண்டைக்கு வரலன்னு சொல்லுது.
"சொன்னா விட்டுருமா?"
விட்டிருக்கு.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.
"நானும் அப்படித்தான் நின்னேன்" என்று
பேனாவைக் கேட்டாள்.

ஏழாம் பத்தியில்
'மனுதாரர் மிகவும் பயந்து' என்று
நான் அடித்திருந்த இடத்தில்
மிகவும் வேண்டாம் என்றாள்.
அடித்துக் கொடுத்தேன்.

பச்சைக் கூடை கழுவி
கொடியில் காய்ந்தது, மூன்று வாரமாயிற்று.
ஓட்டையோரம் உப்புப் பூத்திருக்கிறது.
இன்னும் சோறு வடிக்க எடுக்கவில்லை.
நேற்று
சிறியதன் வாலில் மறுபடி
ஒரு நூல் பிரிந்திருந்தது.
பழைய கிழிசலோ என்னவோ.